லேப்டாப் ரேம் ஸ்கோர்: உங்கள் அனுபவம் என்ன?

செங்கதிர்:
விண்டோஸ் 7 காலத்து விஷயம், ஆனால் இன்னும் உறுத்துகிறது. 64-பிட், 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப். லேப்டாப்பின் பாகங்களைச் சோதித்து விண்டோஸே மதிப்பெண் போடும் எக்ஸ்பீரியன்ஸ் இண்டெக்ஸில் மெமரிக்கு 5.9 காட்டியது. டிடிஆர்3 வகை ரேமில் 1066 வேக ஸ்டிக் ஜோடியைக் கழற்றிவிட்டு 1333 ஜோடி போட்டேன். ரேமிலிருந்து தரவு போகும் பாதைகளான இரண்டு சேனலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விநாடிக்கு 17 ஜிபி என்பது 21 ஜிபி ஆகியிருக்க வேண்டும். மறுபடி ஓட்டினேன். அதே 5.9, இம்மியும் அசையவில்லை.

விற்றவரிடம் கேட்டால், "ரேம் நல்லாத்தான் இருக்கு, ஸ்கோர் அப்படித்தான் வரும்" என்று முடித்துவிட்டார். ஏன் அப்படித்தான் வரும் என்று சொல்ல யாரும் இல்லை.

அப்புறம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் வின்சாட் (இந்த ஸ்கோரைக் கணக்கிடும் கருவியின் பெயர்), அதற்குள் டேட்டாஸ்டோர் என்று போனேன். ஒவ்வொரு முழுச் சோதனைக்கும் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் அங்கே சேர்ந்திருந்தது. நோட்பேடில் திறந்து தேடியபோது மெமரி ஸ்கோருக்குக் கீழே ஒரு வரி கண்ணில் பட்டது. 64-பிட் விண்டோஸுக்குக் கிடைக்கும் ரேம், 4 ஜிபியில் 64 எம்பி கழித்த அளவைவிடக் குறைவாக இருந்தால், ஸ்கோர் 5.9-ஐத் தாண்டக் கூடாது. அந்த எல்லையை 4227858432 என்று பைட் கணக்கிலேயே எழுதியிருந்தது. என் லேப்டாப்பில் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக 3.86 ஜிபிதான் மிச்சம். ஏறக்குறைய 80 எம்பி குறைந்ததற்காக ஸ்கோர் அங்கேயே நின்றுவிட்டது.

அதே ஃபைலில் பேண்ட்வித் எண், அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவு நகர்கிறது என்பது மட்டும் தெளிவாக ஏறியிருந்தது. அதாவது வேகத்தைச் சரியாக அளந்து, எழுதியும் வைத்திருக்கிறது. திரையில் மட்டும் அது வரவில்லை. ஒரு 2 ஜிபி ஸ்டிக்கை எடுத்துவிட்டு 4 ஜிபி போட்டதும் 7-ஐத் தாண்டியது. வேகம் ஏறியபோது அசையாத ஸ்கோர் அளவு ஏறியதும் தாவியதைப் பார்த்த பிறகு, அந்த ஒற்றை எண்ணை நம்ப மனம் வரவில்லை.

நீலவானம்:
5.9 என்றதும் எனக்கு அண்ணன் நினைவு. விண்டோஸ் 7-க்கு முந்தைய விஸ்டாவில் அளவுகோலே 1.0 முதல் 5.9 வரைதான். 7-இல் அதை 7.9 ஆக்கினார்கள், 8-இல் 9.9. விஸ்டாவில் மெமரிக்கு 5.9 வாங்கி, இதற்குமேல் இல்லை என்று நிறைவாக இருந்தவர் அவர். அதே லேப்டாப்பில் 7 போட்ட பிறகும் 5.9 வந்தது. ஆனால் பக்கத்திலேயே உச்சம் 7.9 என்று போட்டிருந்ததே, அதைப் பார்த்து அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. லேப்டாப் மாறவில்லை, கோல்தான் நீண்டது என்று சொல்லிப் புரியவைக்க வெகுநேரம் ஆனது.

செங்கதிர் சொன்ன தடுப்பு விஸ்டாவிலேயே உண்டு. 512 எம்பி இருந்தால் 2.9-க்கு மேல் போகாது, 1.5 ஜிபி வரை 4.5 தான். 7-இல் சாதாரண ஹார்ட் டிஸ்க்கும் பெரும்பாலும் 5.9-இல்தான் நிற்கும். மெமரி 5.9, டிஸ்க் 5.9 என்று இரண்டையும் ஒன்றாகப் பார்த்து லேப்டாப்பே பழுது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

வழிப்போக்கன்:
செங்கதிர், அந்த எண்ணை நீங்கள் இவ்வளவு நாள் சுமந்திருக்க வேண்டாம். ஸ்கோர் என்பது வாங்கப் போகிறவருக்காகச் சுருக்கிய எண். நமக்கு வேண்டியது விநாடிக்கு எத்தனை எம்பி என்பது.

என் கதை விண்டோஸ் 10-இல். 8.1-லேயே ஸ்கோர் திரையை எடுத்துவிட்டார்கள், ஆனால் வின்சாட் உள்ளே அப்படியே இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'வின்சாட் மெம்' (winsat mem) என்று அடித்தால் சில விநாடிகளில் எண் வந்துவிடும். என்னுடையது ஒரே 8 ஜிபி டிடிஆர்4 2400 ஸ்டிக். விநாடிக்கு 14,000 எம்பியை ஒட்டி வந்தது. அதே வேகத்தில் இன்னொரு ஸ்டிக் செருகிய பின் 25,000 எம்பிக்குப் பக்கத்தில். சோதனை செய்வதெல்லாம் பெரிய பெரிய தரவுக் கட்டுகளை ரேமில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்ப்பதுதான். பாதை இரண்டானால் பெயர்ப்பு விரைவாகும்.

நான் மறக்காதது அந்த எண்ணைக்கூட அல்ல. கூட்டம் கூடும் காட்சியில் எப்போதும் திக்கித் திக்கி நகரும் ஒரு கேம் அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. கிராபிக்ஸ் சில்லுக்கென்று தனி மெமரி இல்லாத லேப்டாப்பில் அதுவும் இதே ரேமைத்தான் நம்பியிருக்கிறது. அதனால்தான் அந்த வித்தியாசம். 'வின்சாட் ஃபார்மல்' என்ற முழுச் சோதனையை ஓட்டி ஸ்கோரைப் பார்த்தால், பேண்ட்வித் இவ்வளவு ஏறியும் அது கொஞ்சம்தான் நகர்ந்திருந்தது. ஸ்கோர் பட்டியலில் கேமிங் ஸ்கோர் என்று 9.9 காட்டும், அதை நம்பாதீர்கள். புதிய விண்டோஸில் அந்தச் சோதனை ஓடுவதே இல்லை, எந்த லேப்டாப்பிலும் 9.9 தான் வரும்.

தேன்சிட்டு:
வழிப்போக்கன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எம்பி கணக்கு மட்டும் எதைச் சொல்லிவிடுகிறது? எங்கள் அலுவலக லேப்டாப்பில் போர்டோடு சால்டர் செய்த 8 ஜிபி ரேம், இரண்டு சேனல். வின்சாட்டில் அருமையான எண். வேலைக்காக ஒரு வர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) திறந்து, கூடவே பிரவுசரும் திறந்தால் மவுஸ் சுட்டி உறைந்துவிடும். ஒருமுறை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில், திரையைப் பகிர்ந்த நிலையில், அப்படியே நின்றது. பேசிக்கொண்டே இருந்தேன், ஸ்லைடு நகரவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பி, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. ரேமில் இடம் இல்லாததை எஸ்எஸ்டிக்கு மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது.

வின்சாட்டுக்கு அது தெரியாது. ஓடுகிற நேரத்தில் ரேம் எவ்வளவு வேகமாக நகர்த்துகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். என்ன கேட்டால், குறைவான ரேமுக்கு ஸ்கோரைத் தடுத்த பழைய விதிதான் நியாயமானது. செங்கதிருக்கு அது கோபம் தருகிறது, எனக்கு அது பயனரை எச்சரிக்கிற விதியாகப் படுகிறது.

வழிப்போக்கன்:
எச்சரிக்கை என்றால் எச்சரிக்கையாகக் காட்ட வேண்டும், தேன்சிட்டு. வேகம் என்ற பெயரில் அளவைக் காட்டினால் பார்ப்பவர் எதை மாற்றுவார்? செங்கதிர் ஸ்டிக் வேகத்தை மாற்றினார். அதுதான் நடக்கும்.

சதுரங்கம்:
இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்த மாதிரி ஒன்று என் தம்பி லேப்டாப்பில் நடந்தது. 8 ஜிபி, விண்டோஸ் 7 64-பிட். எப்போதும் 7-க்கு மேல் இருந்த மெமரி ஸ்கோர் ஒருநாள் 5.9. ரேம் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மெமரி டயக்னாஸ்டிக் இரவு முழுக்க ஓட்டினோம், ஒரு பிழையும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் சரியாக 5.9 என்ற எண் உறுத்திக்கொண்டே இருந்தது. உண்மையிலேயே ரேம் மெதுவாகியிருந்தால் 6.3, 5.4 என்று ஏதாவது ஒன்று வந்திருக்கும். இவ்வளவு துல்லியமாக 5.9 என்றால் அது தடுப்புதான்.

ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தேன். மெமரி பட்டையில் சாம்பல் நிறத்தில் பாதிக்கு மேல் 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு'. 8 ஜிபியில் 4 ஜிபிக்கும் மேல் விண்டோஸ் தொடவே இல்லை. எம்எஸ்கான்ஃபிக், பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போனால், 'மேக்சிமம் மெமரி' கட்டத்தில் டிக் போட்டு 4096. பூட்டை வேகப்படுத்தும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு நண்பர் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் சாம்பல் பட்டை சுருங்கிவிட்டது. அந்த 5.9 இல்லையென்றால் அவன் நல்ல ஸ்டிக்கைத் தூக்கி எறிந்திருப்பான்.

மழைக்காலம்:
எனக்கு நேர்ந்தது சின்ன விஷயம். முழுச் சோதனை ஓட்டப் போனால் பேட்டரியில் இருக்கும்போது ஓட்ட முடியாது என்று நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆனால் மேலே படித்ததில் சிலவற்றை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சார்ஜரைச் செருகினால் மட்டும் போதாது. பவர் மோடை உயர்செயல்பாட்டில் வையுங்கள், பிரவுசரை மூடுங்கள், சில முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். ஒருமுறை ஓட்டி வந்த எண்ணை வைத்து ஸ்டிக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

சிபியு-இசட் போன்ற கருவியில் டிடிஆர்4 3200 ஸ்டிக்குக்கு 1600 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும், கருவி காட்டுவது துடிப்பை. ஒரு சேனலுக்குத் தாளில் உள்ள உச்சம் தெரிய வேண்டுமென்றால் 3200-ஐ 8-ஆல் பெருக்குங்கள், 25,600 எம்பி. வின்சாட்டில் அதைவிடக் குறைவாகத்தான் வரும், அது பழுது அல்ல.

போர்டில் 8 ஜிபி சால்டர் செய்து, ஒரு ஸ்லாட் காலியாக உள்ள லேப்டாப்பில் 16 ஜிபி போடலாமா என்று நிறையப் பேர் யோசிக்கிறார்கள். இன்டெல் லேப்டாப்பில் 8-உம் 8-உம் சேர்ந்து இரண்டு சேனலாக ஓடும், மிச்சம் 8 ஒற்றைச் சேனலில் ஓடும். தேன்சிட்டு மாதிரி வர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவருக்கு இதுவே நல்லது, ஸ்லாட் இருந்தால். இரண்டு ஸ்டிக் வெவ்வேறு வேகம் என்றால் இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கு இறங்கிவிடும், அதையும் பார்த்து வாங்குங்கள். ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் லேப்டாப்பை அணைத்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள்.

தேன்சிட்டு:
ஸ்லாட் இல்லை, மழைக்காலம். வர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கியதை 4-இலிருந்து 2 ஜிபி ஆக்கிவிட்டேன், இப்போது உறைவதில்லை. வின்சாட் எண் மட்டும் முன்பு இருந்த அதே எண்தான்.