‘லூர்’ எனப்படுவது இரையா? பாஸ், மஸ்கி மீன்பிடிப்புக்கான ஒரு கலைச்சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். தூண்டில் நரம்பின் முனையில் கட்டி நீருக்குள் இழுக்கப்படும், மரத்தாலோ உலோகத்தாலோ ரப்பராலோ ஆன அந்தப் பொருளை ஆங்கிலத்தில் ‘லூர்’ என்கிறார்கள். சென்ற வாரம் இங்கே வைத்த சொற்பட்டியலில் அதற்கு மூன்று சொற்கள் வந்தன: செயற்கை இரை, போலி இரை, பொய்யிரை. மூன்றும் கேட்டவுடன் புரிகின்றன, தமிழாகவே ஒலிக்கின்றன. போலி, பொய் என்னும் அடைகளோடு எனக்கு வழக்கில்லை. மூன்றிலும் பொதுவாக நிற்கும் ‘இரை’ என்ற தலைச்சொல்தான் இடிக்கிறது. மீன் அதைக் கவ்வுவது பசியால்தான் என்ற முடிவை அச்சொல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அந்த முடிவோ ஆண்டில் பாதி நாள் தவறு.

நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனில். மெண்டோட்டா, மொனோனா ஏரிகளில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், மஸ்கி என்னும் நன்னீர் வேட்டை மீன்களைப் பிடித்து விட்டுவிடுகிறேன். இங்குள்ள நம்மவர் பிள்ளைகளுக்காகப் பருவவாரியான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதத் தொடங்கியபோதுதான் இந்தச் சொல் காலை வாரியது. (‘பாஸ்’ என்றதும் அலுவலக மேலாளர் நினைவுக்கு வருவதைத் தடுக்க வழியில்லை. அந்த வழக்கை வேறொரு நாளைக்கு ஒத்திவைப்போம்.)

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு பாஸ் மீனின் அறிவியல் பெயரையே காட்டலாம். 1802-இல் பிரெஞ்சு இயற்கையறிஞர் லாசெபேட் தமக்குக் கிடைத்த சிறுவாய் பாஸின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்ததை அறியாமல், அதன் பிற்பகுதியைத் தனிச் சிறுதுடுப்பாகக் கருதி, ‘சிறு துடுப்பு’ எனப் பொருள்படும் ‘மைக்ரோப்டெரஸ்’ என்ற பெயரை இட்டார். இருநூறு ஆண்டு கடந்தும் அந்த ஊனம் முழுப் பேரினத்தின் பெயராக நிற்கிறது. பட்டியலில் ஏறிவிட்ட சொல்லை இறக்குவது எளிதன்று.

இனிப் பருவங்களுக்கு வருகிறேன், ஏனெனில் என் வாதமே அவற்றில்தான் இருக்கிறது. பனிக்கட்டி உருகி, நீர் 10 பாகை செல்சியசைத் தாண்டும்போது, பெருவாய் பாஸ் ஆழத்திலிருந்து கரையோரத்துக்கு ஏறி, முட்டையிடுவதற்கு முன் உண்மையிலேயே தின்கிறது. புதிதாய்த் துளிர்க்கும் நீர்ப்பூண்டுகளுக்கு மேல் நண்டுச் சிவப்பு நிறத்தில் ஒன்றை இழுத்தால் பிடிக்கும், அதை இரை என்றால் மறுக்க மாட்டேன். நீர் 15 முதல் 20 பாகைக்குள் வந்ததும் கதை மாறிவிடுகிறது. ஆண் மீன் இடுப்பளவு நீரில் வாலால் அடித்துக் குழி பறித்து, பெண் இட்டுச் சென்ற முட்டைகளைக் காத்துக்கொண்டு, பெரும்பாலும் உண்ணாமலே கிடக்கிறது. அந்தக் குழிக்குள் ரப்பர்ப் பல்லி ஒன்றை இறக்கினால் அது கவ்வுகிறது, கவ்வியதை விழுங்காமல் ஓரடி தள்ளிக் கொண்டுபோய்த் துப்பிவிட்டுத் திரும்பி வந்து முட்டைமேல் நின்றுகொள்கிறது. தெளிந்த நீரில் இதை என் கண்ணால் பலமுறை கண்டிருக்கிறேன். தன் குழந்தையின் தொட்டிலில் ஏறிய தேளைத் துணியால் பிடித்து வெளியே எறிகிறவர் தேளைத் தின்றதாக நாம் எழுதுவோமா?

கோடையில் ஏரி அடுக்குகளாகப் பிரிகிறது. மேலே வெந்நீர், கீழே குளிர்நீர், இடையே வெப்பம் சட்டெனச் சரியும் மெல்லிய அடுக்கு. ஆங்கிலத்தில் ‘தெர்மோகிளைன்’ எனப்படும் அந்தக் கலைச்சொல்லை 1897-இல் ஆக்கியவர் மெண்டோட்டாவை ஆராய்ந்த எட்வர்டு பிர்ஜ். (நம் பட்டியலில் ‘வெப்பச்சரிவடுக்கு’ என்று ஏற்கெனவே இருக்கிறது, நன்று.) மெண்டோட்டாவில் கோடை முற்றும்போது அந்த அடுக்குக்குக் கீழே உயிர்வளி தீர்ந்துவிடுவதால், அதற்கும் கீழே எதை இறக்கினாலும் அங்கே கவ்வ மீன் இருக்காது.

மஸ்கி பிடிப்பவர்களின் பருவம் இதுதான். மான்வால் மயிர்க் கற்றைக்கு முன்னால் இரண்டு பெரிய உலோகத் தகடுகள் சுழலும்படி கட்டிய ஒன்றை வேகமாக இழுப்பார்கள். உலகில் எந்த உயிரும் அதைப்போல் இருப்பதில்லை. மீனா, பறவையா, அணிலா என்று யாரும் சொல்ல முடியாது. மஸ்கி அதைப் பின்தொடர்ந்து வரும். சென்ற ஆகஸ்டில் ஒரு மாலை, நான்கடி நீளமிருக்கும் ஒன்று படகு வரைக்கும் வந்து, தகட்டுக்கு ஒரு சாண் பின்னால் மூக்கை வைத்தபடி நின்றது. கம்பின் நுனியை நீருக்குள் முக்கி எட்டு போலப் பெரிதாக வளைத்து வளைத்து இழுத்தேன். முதல் இரண்டு சுற்றும் அது தலையைக்கூடத் திருப்பவில்லை. மூன்றாவதில், வெளி வளைவில், வெள்ளை வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது. பசியா, எரிச்சலா, வேட்டை வெறியா என்று அந்த நொடியில் யார் சொல்ல முடியும்? ஒன்று கவ்வப் பத்தாயிரம் முறை வீச வேண்டும் என்ற பொருளில் மஸ்கியைப் ‘பத்தாயிரம் வீச்சின் மீன்’ என்று இங்கே சொல்வது சும்மா இல்லை. நீர் 27 பாகையை நெருங்கினால், பிடித்து விடப்படும் மஸ்கி பிழைக்கும் வாய்ப்பு குறையும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் மஸ்கி பிடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள்.

இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, அடுக்குகள் கலந்து ஏரி புரள்கிறது. புரண்டு அடங்கிய பின், வடக்கு ஏரிகளில் சிஸ்கோ மீன்கள் முட்டையிடப் பாறைத் திட்டுகளுக்கு வரும்போது மஸ்கியும் அங்கே வரும். அப்போது ஓரடி நீள ரப்பர் மீனை மெதுவாக இழுப்பார்கள். இது முழுக்க முழுக்க இரை வேடம். ஆக, முன்வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் பொருந்துகிற ‘பொய்யிரை’ முட்டைக்காலத்தில் பொய்யாகிறது, கோடையில் ஐயத்துக்கு இடமாகிறது.

என் முன்மொழிவு ‘தூண்டி’. தூண்டில் என்பதே தூண்டுதலிலிருந்து வந்தது. பசியையும் சினத்தையும் ஆர்வத்தையும் தூண்டலாம். காரணத்தை மீனிடமே விட்டுவிடும் சொல் அது. கருத்துகளை வேண்டுகிறேன்.

மேடிசனிலிருந்து

---

மறுமொழி:

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். ‘பொய்யிரை’யை முன்மொழிந்த மூவரில் நானும் ஒருவன். நீங்கள் சொன்ன காரணத்துக்காக அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் காரணம் எனக்குப் புதிதன்று, மறந்துபோனது. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் விரால் குஞ்சு பார்க்கும் நாளில், செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் குளத்தின் மேல்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டிருக்கும். தாயும் தந்தையும் அடியில் நிற்கும். என் பெரியப்பா அந்தச் சிவப்பின் நடுவில் தவளை கோத்த தூண்டிலை மெல்லத் தட்டுவார், அடுத்த கணம் நீர் வெடிக்கும். “அது திங்க வரலடா, அடிக்க வருது” என்பார். அவர் கோத்தது உயிர்த் தவளை. அதுவே அங்கே இரையாக இல்லாதபோது, உங்கள் ரப்பர்ப் பல்லியை இரை என்பது எப்படி?

ஆனால் ‘தூண்டி’ எனக்கு உடன்பாடில்லை. கணினித் துறையில் வேறொன்றுக்கு அது வழங்குகிறது என்பது சிறிய தடை. பெரிய தடை காதில் இருக்கிறது. ‘தூண்டிலில் தூண்டியைக் கட்டு’ என்று ஒருவர் படகின் மறுமுனையிலிருந்து கூவினால், எதை எதில் கட்டுவது என்று கேட்பவர் திகைப்பார். அருகருகே புழங்கும் இரண்டு பொருள்களுக்கு ஓரெழுத்து வேறுபாட்டில் பெயரிடுவது நம் பட்டியல்களின் பழைய நோய்.

‘மருட்டி’ என்று எண்ணிப் பார்த்தேன். மருள் என்னும் வேர் மயக்கத்தையும் வெருட்சியையும் ஒருங்கே தரும். ஆயினும் இன்றைய செவிக்கு அது மிரட்டுவதாகவே படும், மிரண்ட மீன் ஓடிப்போகும்.

ஆகவே ‘ஏய்’ என்னும் வினையை உங்கள் முன் வைக்கிறேன். ஏய்த்தல் என்றால் ஏமாற்றுதல் என்று எல்லாருக்கும் தெரியும், வருமான வரித்துறையின் புண்ணியத்தால் ‘வரி ஏய்ப்பு’ நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது. அதே வினைக்கு ஒத்திருத்தல் என்றும் பொருளுண்டு. தொல்காப்பியம் அடுக்கும் உவம உருபுகளில் ‘ஏய்ப்ப’ ஒன்று. ஒத்திருப்பதும் ஏமாற்றுவதும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. ‘உரு’ சேர்த்து ‘ஏய்ப்புரு’ என்றால் என்ன? ரப்பர் மீன் ஒத்திருந்து ஏய்க்கிறது, உங்கள் மான்வால் மயிர் எதையும் ஒத்திராமலே ஏய்க்கிறது. குழியில் கிடக்கும் பல்லி இரையாக அன்றி, பகையாக ஏய்க்கிறது.

இன்னொன்று. “வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று” என்னும் 931-ஆம் குறளில் வரும் ‘தூண்டிற்பொன்’ உங்களுக்குப் பயன்படுமா என்று பாருங்கள். அங்கே பொன் என்பது இரும்பு, அதாவது தூண்டில் முள் என்பார் உரைகாரர்.

அன்புடன், தஞ்சாவூரிலிருந்து

---

மறுமொழி:

வணக்கம் ஐயா.

‘ஏய்ப்புரு’வைக் காகிதத்தில் ஒப்புக்கொள்ளும் முன் நீரில் சோதிக்க நினைத்தேன். என் பெட்டியின் அறைகளில் ஒட்டுத்தாள் ஒட்டி, சனிக்கிழமை காலை நண்பர் ஒருவரோடு மொனோனாவுக்குப் போனோம். நீர்மட்டத்தில் தத்தி வருவது ‘மிதப்பு ஏய்ப்புரு’. தாடையில் பதித்த தகட்டால் நீரைக் கிழித்து அமிழ்வது ‘மூழ்கு ஏய்ப்புரு’. சுண்டி இழுத்து, நிறுத்தி, மறுபடி சுண்டுவது ‘சுண்டு ஏய்ப்புரு’. தகடு சுழல்வது ‘சுழல் ஏய்ப்புரு’. எட்டு மணிக்குள் நண்பர் வாயில் அது ‘மிதப்பு’, ‘மூழ்கு’, ‘சுண்டு’ என்று சுருங்கிவிட்டது, ‘ஏய்ப்புரு’ தானே உதிர்ந்து போனது. இது குறையன்று என்பது என் எண்ணம். வீட்டில் வழங்கும் பெயர் சுருக்கமாகவும் ஏட்டில் இருக்கும் பெயர் முழுமையாகவும் இருப்பது எல்லாத் தொழிலிலும் உள்ளதே. இலையுதிர்காலத்தில் மஸ்கிக்குக் கோக்கும் உயிருள்ள சக்கர் மீனுக்கு மட்டும் ‘உயிரிரை’ என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பெரியப்பாவின் தவளை இந்தப் பெயரையும் தட்டிக் கேட்கிறது என்பது தெரிந்தே இப்படிச் செய்கிறேன்.

‘தூண்டிற்பொன்’ பற்றி: கரண்டியின் கிண்ணம் போல் வளைந்த வெறும் உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது, இங்கே அதன் பெயரே ‘ஸ்பூன்’. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜூலியோ பியூல் என்பவர் அதைச் செய்து விற்கத் தொடங்கினார், கரண்டி தவறி ஏரியில் விழ ஒரு மீன் அதைப் பாய்ந்து கவ்வியதைக் கண்டு யோசனை வந்தது என்பது கதை. குளிர்காலத்தில் தென் மாநில நீர்த்தேக்கங்களில் குளிர் தாங்காத ஷாட் மீன்கள் செத்துத் தள்ளாடி அடிக்கு விழும்போது, பாஸ் பிடிப்பவர்கள் இந்தத் துண்டை நேர்கீழே இறக்கித் தூக்கித் தூக்கி விடுவார்கள். அதுவும் அப்படியே தள்ளாடி விழும். உரைகாரர் சொல்லும் முள்ளின் மேல் இரை பொதிந்திருக்கும், இதில் அதுவும் கிடையாது, மீன் விழுங்குவது வெறும் பொன்னையே. ஆகவே ‘தூண்டிற்பொன்’னை இந்த ஒரு வகைக்கு மட்டும் எழுதிக்கொள்ள உங்கள் ஒப்புதலை வேண்டுகிறேன்.

ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. ஓஹாயோவின் அக்ரானில் நிக் கிரீம் 1949-இல் வார்த்த மென்பிளாஸ்டிக் புழுவின் வழிவந்தவற்றுக்கு இப்போது உப்பும் மணமும் ஏற்றி விற்கிறார்கள், பாஸ் அவற்றைத் துப்பாமல் சற்று நேரம் வாயில் வைத்திருக்கிறது. சுவைத்துப் பார்த்து வைத்துக்கொள்வதை ‘உரு’ ஏய்த்தது என்பதா, அல்லது அதை மட்டுமாவது ‘பொய்யிரை’ என்றே விட்டுவிடுவதா? ஐயாவும் மற்றவர்களும் சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் அந்த வரியைக் காலியாக வைத்திருக்கிறேன்.