நிக் டிரேக் ட்யூனிங்கில் ஆறாம் கம்பி இரைகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) பாடலுக்காக கிட்டாரை ஆறாம் கம்பியிலிருந்து (தடித்த கம்பி) சி-ஜி-சி-எஃப்-சி-ஈ என ட்யூன் செய்து, 2-ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கட்டை) கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுகிறேன். ஆறாம் கம்பி மட்டும் படுத்துகிறது. கட்டைவிரல் பட்டதும் 'ஸ்ர்ர்' என்று இரைச்சல். கேப்போ மாட்டியதும் சுருதி சுமார் 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறிவிடுகிறது. சாதாரண ட்யூனிங்கில் இதே கம்பி சுத்தமாகப் பேசுகிறது.

கிட்டார் ட்ரெட்நாட் (பெரிய உடல் வகை), ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) 25.5 அங்குலம், 12-53 பாஸ்பர் வெண்கலக் கம்பி செட் (தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 முதல் 53 வரை). ஈ-யிலிருந்து சி-க்கு நான்கு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை 37 சதவீதம் போய்விடுகிறது. கோளாறின் வேர் அதுதான். 53-ஐ எடுத்துவிட்டு 56 போட்டேன், இரைச்சல் பாதி குறைந்தது. டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கால் சுற்று தளர்த்தினேன். ஸ்பிரிங் கேப்போவுக்குப் பதில் திருகு கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டி, அளவான அழுத்தத்தில் வைத்தேன். சுருதி ஏறுவது நிற்கவில்லை. கேப்போ இருப்பதால் இரைச்சலுக்கு நட்டைச் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் பள்ளக் கட்டை) சந்தேகிக்க வழியில்லை; ஆனால் நட்டின் பள்ளம் உயரமாக இருந்தால் கேப்போ மாட்டும்போது சுருதி ஏறலாம்.

அந்தத் தாழ்ந்த சி இல்லாவிட்டால் பாட்டுக்கு உயிரே இல்லை. இதே ட்யூனிங்கில் வாசிப்பவர்களே, 60-க்கு மாறினால் போதுமா, அல்லது சேடிலில் (பிரிட்ஜில் கம்பிகள் அமரும் கட்டை) ஆறாம் கம்பிக்கான இடத்தைப் பின்னுக்குத் தள்ளி ராவ வேண்டுமா?