200 ஓம் என்றால் 200 ஓம்தானா? பேலன்ஸ்டு டியூப் பிரீஆம்ப் பஞ்சாயத்து

வால்வுப்பித்தன்: நான் பார்த்து வைத்திருக்கும் பேலன்ஸ்டு பிரீஆம்ப் (ஒரே சிக்னலை இரண்டு கம்பிகளில் பவர் ஆம்புக்கு அனுப்புவது), ஈசிசி88 டியூபில் கேத்தோடு ஃபாலோயர், அதாவது சிக்னலைக் கேத்தோடிலிருந்து எடுக்கும் சர்க்யூட். அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளியே போகும் சிக்னலுக்கு உள்ளே இருக்கும் தடை) 200 ஓம் என்று ஸ்பெக்கிலேயே இருக்கிறது. பவர் ஆம்ப் இன்புட் 10 கிலோ ஓம். ஆக 50 மடங்கு. வாங்கும் பக்கம் கொடுக்கும் பக்கத்தைப் போல பத்து மடங்கு இருந்தாலே போதும். "டியூபுக்கு 10 கிலோ ஆகாது" என்று பூச்சாண்டி காட்டுகிறவர்கள் முதலில் வகுத்தல் கற்றுக்கொள்ளட்டும்.

ஓம்விதி: கற்றாயிற்று சார். அந்த 200, 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தது. அவுட்புட்டில் தொடராக உட்கார்ந்திருக்கும் 1 மைக்ரோஃபாராட் கெப்பாசிட்டர் அங்கே 159 ஓம்தான். 20 ஹெர்ட்ஸில் அதுவே 8 கிலோ ஓம்! உங்கள் 10 கிலோவோடு சேர்ந்தால் 16 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் காலி, 20-லேயே 2 டெசிபெல் போய்விடும்.

புதுவரவு: ஒரு சந்தேகம். அந்த 10 கிலோ, பேலன்ஸ்டு ஜாக்கில் சிக்னல் வரும் பின் 2-க்கும் 3-க்கும் நடுவிலா, ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கா? நடுவில் என்றால் பக்கத்துக்கு 5 கிலோதான், 16 ஹெர்ட்ஸ் 32 ஆகிவிடுமே?

வால்வுப்பித்தன்: 2 டெசிபெல் எந்தக் காதுக்குத் தெரியும்? ஸ்பெக்கில் 200 என்றால் 200. ஹீட்டர் எலிவேஷன் (டியூபைச் சூடாக்கும் இழையைக் கிரவுண்டை விட உயர்ந்த வோல்டேஜில் நிறுத்துவது) விஷயத்திலும் இப்படித்தான் குதித்தீர்கள்.

ஓம்விதி: குதித்ததில் தப்பில்லை. ஃபாலோயரில் கேத்தோடு உயர்ந்த வோல்டேஜில் நிற்கும். ஹீட்டரைக் கிரவுண்டில் கட்டினால் நடுவில் உள்ள இன்சுலேஷன் கசிந்து ஹம் (மெயின்ஸ் இரைச்சல்) வரும், ஒருநாள் டியூபும் போகும். இப்போது 1 மைக்ரோவுக்குப் பதில் சொல்லுங்கள். 10 மைக்ரோ பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர் போட்டால் அந்த 16 ஹெர்ட்ஸ் 1.6 ஆக இறங்கும். ஆன் செய்யும்போது ஸ்பீக்கர் 'தொப்'பென்று அடிக்கும், அதனால் அவுட்புட்டைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்க மியூட் ரிலேயும் வேண்டும். இரண்டு பக்கக் கெப்பாசிட்டரையும் அளந்து ஜோடி சேர்க்கணும். 1 மைக்ரோவில் 10 சதவீத வித்தியாசம் என்றால் 50 ஹெர்ட்ஸில் 318 ஓம் ஏற்றத்தாழ்வு. ஹம்மை ஒழிப்பது இரண்டு பக்க இம்பீடன்ஸும் சமமாக இருப்பதுதான், சிக்னல் சமமாக இருப்பதல்ல.

செம்புச்சுருள்: கெப்பாசிட்டரையே தூக்கிப் போடுங்கள் அண்ணே. 6எஸ்என்7 டியூபின் இரண்டு பாதி, ஆனோடுக்கு ஆனோடு அவுட்புட் இம்பீடன்ஸ் 15 கிலோ. 4:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் 16-இல் ஒரு பங்கு, சுமார் 1 கிலோ. 12 டெசிபெல் கெயின் (சிக்னல் பெருக்கம்) போனால் போகட்டும், 6எஸ்என்7-இல் மிச்சம் இருக்கிறது.

ஓம்விதி: 200 கேட்டு அழுகிறவருக்கு 1 கிலோவா! சுருளின் ரெசிஸ்டன்ஸும் அதோடு சேரும். இரண்டு பாதியிலும் கரன்ட் ஒன்றிரண்டு மில்லியாம்பியர் வேறுபட்டால், இடைவெளி விடாத டிரான்ஸ்ஃபார்மர் கோர் பாஸில் காந்தம் நிரம்பி சாச்சுரேட் ஆகும்.

செம்புச்சுருள்: என் 1 கிலோ இரண்டு பின்னுக்கும் சேர்த்து. அவருடைய 200 ஒரு பின்னுக்கு என்றால் மொத்தம் 400. நீங்கள் சொன்ன கெப்பாசிட்டரின் 8 கிலோ மாதிரி 20 ஹெர்ட்ஸில் என்னுடையது ஏறாது.

வால்வுப்பித்தன்: 10 கிலோ எல்லாம் எதற்கு, 200 ஓம் 600 ஓமையே ஓட்டும்.

ஓம்விதி: ஓட்டாது! 10 வோல்ட் பீக்குக்கு 17 மில்லியாம்பியர் வேண்டும். 8 மில்லியாம்பியரில் நிற்கும் டியூப் பாதியிலேயே சிக்னல் உச்சி வெட்டுப்பட்டு கிளிப் ஆகும். இம்பீடன்ஸ் வேறு, கரன்ட் வேறு.

புதுவரவு: அந்த 10 கிலோ பின்னுக்குப் பின்னா, கிரவுண்டுக்கா?

வால்வுப்பித்தன்: 50 மடங்கு.

ஓம்விதி: 1 கிலோஹெர்ட்ஸில்.