4ஆம் தெரு மழைக்கணக்கு: பாளையங்கோட்டை வாட்ஸ்அப் குழு

காதர் பாய் [காலை 8.33]
நேத்து ராத்திரி மழை, என் தானியங்கி மானியில 41.6 மி.மீ.

செல்வி [காலை 8.34]
கேன்ல 1,040 மில்லி. 52.0 மி.மீ.

ஸ்டீபன் சார் [காலை 8.36]
என் ஆப்புல 17.2தான் காட்டுது. ஒரே தெருவுல இவ்வளவு வித்தியாசமா?

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 8.38]
சார், அது ராத்திரி 12 மணிக்கு மேல பெஞ்சது மட்டும். கன்சோல், அதான் எண்ணைக் காட்டுற பெட்டி, நடுராத்திரி பூஜ்யத்துக்குப் போயிரும். மழை 9 மணிக்கே ஆரம்பிச்சிட்டுல்லா. நேத்தைய கிராஃபைத் திறந்து 12 மணி வரைக்கும் எவ்வளவுன்னு பாருங்க.

ஸ்டீபன் சார் [காலை 8.41]
31.4 இருக்கு அண்ணாச்சி.

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 8.42]
நேத்து பகல்ல மழை இல்ல, அதனால முழுசையும் கூட்டிக்கலாம். 48.6. செல்வி மதினி கணக்குக்குப் பக்கத்துல வந்துட்டு. ஏழு சதவீதம் குறைவு, தானியங்கிக்கு அது நல்ல மார்க்தான்.

அருண் [காலை 8.44]
தினமும் கிராஃப் பாத்துக் கூட்டணுமா மாமா?

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 8.46]
வேண்டாம்டே. கன்சோல்ல வருஷ மொத்தம்னு ஒரு எண் ஓடிக்கிட்டே இருக்கும், அது நடுராத்திரி அழியாது. போன்ல 8.28-க்கு அலாரம் வச்சு, 8.30-க்கு அந்த எண்ணை எழுது. இன்னைக்கு எண்ணுல நேத்து எண்ணைக் கழிச்சா 24 மணி நேர மழை. வானிலை ஆய்வு மையம் அளக்குறதும் காலை 8.30 முதல் காலை 8.30 வரைதான். அந்த நேரத்தை விட்டா பாளை ஆய்வகக் கணக்கோட ஒப்பிடவே முடியாது.

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 8.47]
இன்னொண்ணு, தேதி. அளந்த காலையோட தேதியைத்தான் போடணும். காயல்பட்டினத்துல 95 செ.மீ. பெஞ்சதே, அது 2023 டிசம்பர் 18ன்னுதான் பதிவு. ஆனா தண்ணி கொட்டுனதுல பெரும்பங்கு 17ஆம் தேதி.

பேச்சியம்மாள் [காலை 8.50]
இன்னைக்குக் குழாய்ல தண்ணி வருமா யாருக்காவது தெரியுமா

செல்வி [காலை 8.51]
சாயந்திரம்தான் அக்கா. மோட்டார் ரிப்பேராம்.

ஸ்டீபன் சார் [காலை 8.53]
52 மி.மீ. பெஞ்சும் செய்தியில "மிதமான மழை"ன்னு போடுறான். தெருவுல முழங்கால் தண்ணி!

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 8.55]
அவங்க கணக்குல 15.6-ல இருந்து 64.4 வரை மிதமானதுதான். 64.5 தொட்டாத்தான் கனமழை, 115.6 தொட்டா மிக கனமழை, 204.5-க்கு மேல அதிகனமழை. ரெண்டரை மி.மீ.க்குக் கீழன்னா அதை மழை நாளாவே எண்ண மாட்டாங்க. முழங்கால் தண்ணிக்கு வாறுகால் காரணம், மழைமானி இல்ல.

காதர் பாய் [காலை 9.02]
நேரம் எனக்குச் சரி, 8.30-க்கு வருஷ மொத்தத்தைக் கழிச்சு எடுத்ததுதான். பிறகு ஏன் 41.6? மதினிக்கு அஞ்சு வீடு தள்ளித்தானே இருக்கேன்.

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 9.05]
பாய், மானி இப்ப எங்க இருக்கு?

காதர் பாய் [காலை 9.06]
மொட்டை மாடியில, மாடிப்படி ரூம் சுவருக்கு மேற்கால. சுவர்ல இருந்து அஞ்சடி. வயருக்கு வசதின்னு வச்சது.

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 9.09]
அங்கதான் இருக்கு பாதிக் கோளாறு. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குக் காத்தோட சாஞ்சு வருது. மேற்கால இருக்குற மானிக்கு உங்க சுவரே குடை. ஆனி, ஆடியில மேகாத்து அடிக்கும்போது இதே இடத்துல சுவர் மறைக்காது, ஆனா சுவர்ல மோதித் திரும்புற காத்து தூறலைத் தூக்கிட்டுப் போயிரும்.

கணக்கு எளிசு: மானியோட வாய்க்கு மேல தடுப்பு எவ்வளவு உசரமோ, அதைப் போல ரெண்டு மடங்காவது தள்ளி நிக்கணும். நாலு மடங்குன்னா உத்தமம். ரூம் எட்டடி, மானி வாய் ஒன்றரை அடி உசரம். மிச்சம் ஆறரை. குறைஞ்சது 13 அடி தள்ளுங்க. தண்ணித் தொட்டிக்கும் வேப்ப மரத்துக்கும் இதே கணக்கு.

அருண் [காலை 9.11]
கைப்பிடிச் சுவர் மேலேயே வச்சிட்டா தடுப்பே இல்லையே?

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 9.13]
அது இன்னும் மோசம். சுவர் விளிம்புல காத்து மேல நோக்கிக் கிளம்பும், துளி வாய்க்குள்ள விழாமத் தாண்டிப் போயிரும். மாடி நடுவுதான் நல்ல இடம். கான்கிரீட் தரையில தெறிப்பு அடிக்கும், அதனால வாய் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. சுத்தி ஒரு பழைய கயித்து மிதியடியை விரிச்சா தெறிப்பு பாதி அடங்கிரும்.

செல்வி [காலை 9.20]
பாய், இடம் மாத்துறதுக்கு முன்னால உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. இந்த மாதிரி மானியில புனலுக்கு அடியில தராசு மாதிரி ரெட்டைக் கிண்ணம் இருக்கும். ஒரு பக்கம் 0.2 மி.மீ. அளவு நிறைஞ்சதும் கவிழும், கவிழுறதை எண்ணித்தான் கணக்கு. சிலந்தி வலை ஒரு இழை இருந்தாக்கூட கிண்ணம் சோம்பிரும். புனல் ஓட்டையில வேப்பம்பூ, காக்கா எச்சம் அடைச்சா மழை விட்டபிறகும் மணிக்கணக்கா 0.2, 0.2ன்னு ஏறும். கிராஃப்ல அப்படி வால் தெரிஞ்சா அடைப்புன்னு அர்த்தம்.

செல்வி [காலை 9.21]
கழட்டும்போது கிண்ணம் ஆடி பொய் மழை ஏறும். எவ்வளவு ஏறுச்சுன்னு நோட்டுல எழுதிக் கழிச்சிருங்க.

காதர் பாய் [காலை 9.48]
வலை இருந்துச்சு, எடுத்துட்டேன். அடைப்பு இல்ல. ரசமட்டம் வச்சுப் பாத்தேன், நேரா இருக்கு. அளவு சரியான்னு எப்படிப் பாக்க?

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 9.55]
தண்ணி ஊத்திப் பாக்கணும். புனல் வாயோட உள் விட்டத்தை அளங்க.

காதர் பாய் [காலை 9.58]
11 செ.மீ.

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 10.01]
ஆரம் 5.5. பரப்பு 95 சதுர செ.மீ. அப்ப 95 மில்லி தண்ணி = 10 மி.மீ. மழை. மருந்து ஊசிக் குழல்ல சரியா 95 மில்லி எடுத்து, குளுக்கோஸ் ஏத்துற ட்யூப் வழியா சொட்டுச் சொட்டா விடுங்க. அரை மணி நேரம் எடுக்கணும். மொத்தமா ஊத்துனா கணக்கு கெட்டுரும், கிண்ணம் கவிழுற நேரத்துல விழுற தண்ணி எண்ணாமப் போயிரும். பேய்மழையில தானியங்கி குறைச்சுக் காட்டுறதுக்கும் அதே காரணம்தான்.

50 தடவை கவிழணும். 49, 51 பரவாயில்ல. மூணு தடவை செஞ்சு சராசரி எடுங்க. அடியில ரெண்டு திருகாணி இருக்கும், அதைத் தொடாதீங்க. செட்டிங்ஸ்ல மழைக்கு ஒரு பெருக்கு எண் இருக்கும், அதை மாத்துனாப் போதும்.

அருண் [காலை 10.04]
செல்வி அத்தை கேன் எப்படிச் செஞ்சது? நானும் ஒண்ணு வைக்கேன். வெதர் ஸ்டேஷன் வாங்க அப்பா விட மாட்டாங்க.

செல்வி [காலை 10.10]
16 செ.மீ. வாய் உள்ள பிளாஸ்டிக் புனல், 5 லிட்டர் எண்ணெய்க் கேன், அளவுக் குவளை. அவ்வளவுதான்டா. 16 செ.மீ. புனலோட பரப்பு 201 சதுர செ.மீ. அதனால மில்லியை 20-ஆல வகுத்தா மி.மீ. வந்துரும். ஆய்வு மையத்து மானியிலயும் 200 சதுர செ.மீ. வாய்தான் ஒரு வகை.

கேனைச் செங்கலுக்கு நடுவுல நிறுத்து, காலிக் கேன் காத்துல உருண்டுரும். புனலுக்கும் கேன் வாய்க்கும் இடையில இடைவெளி இல்லாம டேப் சுத்து, இல்லன்னா வழிஞ்ச தண்ணியும் உள்ள போகும், உள்ள இருக்குறது ஆவியாவும் போகும். கோக் பாட்டில வெட்டித் தலைகீழாச் சொருகி ஸ்கேல் ஒட்டுறது வேண்டாம். அடி மேடு பள்ளமா இருக்கும், முதல் ரெண்டு செ.மீ. பொய் சொல்லும்.

முத்துக்குமார் அண்ணாச்சி [காலை 10.13]
5 லிட்டர்ன்னா 25 செ.மீ. மழை வரைக்கும்தான் தாங்கும். காயல்பட்டினம் மாதிரி 95 செ.மீ. வந்தா 19 லிட்டர். ரெட் அலர்ட் சொன்னா கேனை ஒரு வாளிக்குள்ள இறக்கி வை, வழியிறதையும் அளந்துரலாம்.

ஸ்டீபன் சார் [மாலை 4.12]
அவசரம். காத்தழுத்தம் காலையில 10 மணிக்கு 1011, இப்ப 1007. நாலு மில்லிபார் இறங்கிட்டு. புயல் ஏதும் உருவாகுதா?

முத்துக்குமார் அண்ணாச்சி [மாலை 4.15]
பயப்படாதீங்க சார், இது தினப்படி நடக்குறது. நம்ம மாதிரி வெப்பப் பகுதியில காலை 10, ராத்திரி 10 மணிவாக்குல அழுத்தம் ஏறும், காலை 4, மாலை 4 மணிவாக்குல இறங்கும். கடல் அலை மாதிரி. நேத்து 4 மணிக்கு எவ்வளவுன்னு பாருங்க. அதே மணியோட ஒப்பிட்டு மூணு நாலு குறைஞ்சாத்தான் சேதி.

ஸ்டீபன் சார் [மாலை 4.17]
நேத்து 1007.6. சரி சரி.

முத்துக்குமார் அண்ணாச்சி [மாலை 4.20]
1011ன்னு நீங்க பாக்குறது கடல் மட்டத்துக்குத் திருத்துனது. பாளை கடலுக்குச் சுமார் 50 மீட்டர் மேல, அதனால கருவி உணருற நிஜ அழுத்தம் ஆறு மில்லிபார் கிட்ட குறைவா இருக்கும். ரெண்டையும் கலந்து எழுதிராதீங்க.

ஸ்டீபன் சார் [மாலை 4.24]
வெயில் காலத்துல வெப்பநிலை ஆய்வகத்தை விட மூணு டிகிரி கூடக் காட்டுதே, அது ஏன்?

முத்துக்குமார் அண்ணாச்சி [மாலை 4.29]
மாடித்தளம் சுடுறதைத்தான் அளக்கீங்க. சென்சார் தரையில இருந்து அஞ்சடி உசரம், மண்ணு இல்ல புல்லு மேல, ஏசி வெளி யூனிட்டுக்கு எட்டத்துல இருக்கணும். மாடியை விட்டா வழியில்லன்னா சென்சாரை மூடியிருக்குற வெள்ளைத் தட்டுக் கூண்டுக்குள்ள சின்னக் கம்ப்யூட்டர் ஃபேன் ஒண்ணு போட்டுக் காத்தை இழுத்துவிடுங்க. காத்தில்லாத மத்தியானத்துலதான் அது உதவும். காலைக் குறைந்தபட்சம் எப்படியும் ஓரளவு சரியா வரும், உச்சத்தைத்தான் நம்ப முடியாது.

ஈரப்பதம் சந்தேகம்னா உப்புச் சோதனை. மூடி டப்பாவுல சமையல் உப்பைக் குழைவா நனைச்சு வச்சு, சென்சாரைத் தொடாமப் பக்கத்துல வச்சு மூடி ஒரு ராத்திரி விடுங்க. காலையில 75 காட்டணும். 80 காட்டுனா அஞ்சைக் கழிச்சு செட்டிங்ஸ்ல போடுங்க.

காதர் பாய் [இரவு 8.05]
மூணு சோதனை முடிஞ்சுது. 8.6, 8.8, 8.6 மி.மீ.

செல்வி [இரவு 8.09]
சராசரி 8.67. பத்தை அதால வகுத்தா 1.15. அதைப் போடுங்க பாய். இன்னைக்கு 41.6-ஐப் பெருக்குனா 47.8. மிச்ச நாலு மி.மீ. சுவரும் வலையும் குடிச்சது.

காதர் பாய் [இரவு 8.12]
அப்ப பழைய மாசக் கணக்கையெல்லாம் 1.15-ஆல பெருக்கித் திருத்திரட்டுமா?

முத்துக்குமார் அண்ணாச்சி [இரவு 8.16]
வேண்டவே வேண்டாம். வலை எப்பப் பின்னுச்சுன்னு யாருக்குத் தெரியும்? பழைய எண் அப்படியே இருக்கட்டும். இன்னைத் தேதியில "வலை எடுத்தது, பெருக்கு எண் 1.15, இடம் மாத்துனது"ன்னு குறிப்பு மட்டும் எழுதுங்க. சோதனைத் தண்ணி 26 மி.மீ. வருஷ மொத்தத்துல ஏறியிருக்கும், அதையும் நாளைக்குக் கழிக்கணும்.

அருண் [இரவு 8.20]
நாங்க சனி, ஞாயிறு தென்காசி போறோம். அந்த ரெண்டு நாளைக்கு 0 போட்டுரவா?

செல்வி [இரவு 8.22]
0 போட்டா மழை பெய்யலன்னு அர்த்தமாயிரும். கோடு போட்டு வை. திங்கக்கிழமை கேன்ல இருக்குறதை அளந்து, "மூணு நாள் மொத்தம்"ன்னு எழுது. தூறி, அளக்க முடியாம ஈரம் மட்டும் இருந்தா "தூ"ன்னு போடு.

அருண் [இரவு 8.23]
சரி அத்தை. புனல் எந்தக் கடையில கிடைக்கும்?

செல்வி [இரவு 8.25]
மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் கடையில. ஸ்கேலைக் கையோட கொண்டு போ, விளிம்பை விட்டுட்டு உள் வாயை மட்டும் அள. 15 செ.மீ.தான் கிடைச்சா வாங்கிக்கோ, 20-க்குப் பதிலா 17.7-ஆல வகுத்துக்கலாம்.