குடும்பம் பற்றிய பெண்ணியப் பார்வைகள்: எப்படிப் பிரித்து எழுதுவது?

கேள்வி: தாராளவாதப் பெண்ணியம், மார்க்சியப் பெண்ணியம், தீவிரப் (radical) பெண்ணியம் என மூன்று வகையும் குடும்பம் பெண்ணை ஒடுக்குகிறது என்றே சொல்கின்றன. விடை எழுதும்போது மூன்றும் குழம்பிவிடுகின்றன. எப்படிப் பிரிப்பது?

பதில் 1: ஆதாயம் யாருக்கு என்று கேளுங்கள், பிரிந்துவிடும். மார்க்சியப் பெண்ணியத்துக்கு அது முதலாளி: சமைத்து, துவைத்து, நாளைய தொழிலாளியை வளர்த்துத் தரும் உழைப்புக்கு அவர் ஒரு காசும் தருவதில்லை. தீவிரப் பெண்ணியத்துக்கு அது ஆண்கள். முதலாளித்துவத்துக்கு முன்பே ஆணாதிக்கம் இருந்தது என்பது அதன் வாதம். தாராளவாதம் சட்டத்தையும் வளர்ப்பு முறையையும் மாற்றச் சொல்கிறது, அவ்வளவே.

பலர் சறுக்குவது டெல்ஃபி, லெனார்ட் (1992) என்ற இரு பெண்ணியச் சமூகவியலாளர்கள் வரும் இடத்தில்தான். சுரண்டல், உழைப்பு என்ற சொற்களைப் பார்த்ததும் மார்க்சியப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் டெல்ஃபியும் லெனார்டும் சுரண்டுபவராகக் காட்டுவது முதலாளியை அல்ல, குடும்பத் தலைவரான ஆணை!

பதில் 2: சான்றும் வேண்டும். பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1974-இல் வெளியிட்ட ஆய்வில் லண்டன் இல்லத்தரசிகள் 40 பேர். வீட்டுவேலை வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம். மாதிரி சிறியது என்பதையும் எழுதுங்கள். மணிக்கணக்கோடு நிறுத்தாதீர்கள்: குழந்தையின் அடுத்த தடுப்பூசி என்றைக்கு என்று மனதில் சுமப்பது அந்தக் கணக்கில் ஏறாது.

பதில் 3: விமர்சனப் பகுதியில் கறுப்பினப் பெண்ணியத்தை விட்டுவிடாதீர்கள். இனவெறிக்கு எதிரே குடும்பம் புகலிடமாகவும் இருக்கிறது என்ற அதன் வாதம் முந்தைய மூன்றையும் கேள்விக்குள்ளாக்குகிறது.