புதுப்பிப்பு: கடைசி குவார்ட்டரில் பிரஸ்ஸைத் தாங்காத எங்கள் கூடைப்பந்து அணி

நான் பயிற்சி தரும் அணி மூன்று குவார்ட்டர் முன்னிலையில் இருந்துவிட்டு, எதிரணி முழு மைதானத்திலும் பிரஸ் செய்ததும் (பந்தை முன்னே கொண்டுவர விடாமல் ஆளுக்கு ஆள் நெருக்கி மறித்ததும்) பந்தைப் பறிகொடுத்துத் தோற்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, உயரமான ஆளை நடுக்கோட்டுக்கு அருகே நிறுத்தச் சொன்ன யோசனைதான். ஓரக்கோட்டில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போய் மாட்டிக்கொள்வதை விட்டு, முதல் பாஸையே அவருக்குக் கொடுத்தோம். விதிப்படி 8 விநாடிக்குள் பாதி மைதானத்தைத் தாண்டுவது அப்புறம் சிரமமாகவே இல்லை. தொடர்ந்து நான்கு வெற்றி!

எதிர்பாராதது ஃபவுல். அரையிறுதியில் அவர் 5-வது ஃபவுலோடு வெளியேற, அந்த இடத்துக்குப் பழகியவர் வேறு யாரும் இல்லை. தோற்றோம். துண்டால் முகத்தை மூடி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இதை முயல்பவர்கள் நடுவில் நிற்க இரண்டு பேரைப் பழக்கிவிடுங்கள்.