கண்ணாடி இல்லாத வீடு: ரசனையா, தட்டுப்பாடா?

முற்றத்துக்காகம்
போன மாதம் பென்தோட்டைப் பக்கம் லுணுகங்கைக்கு, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய தோட்டத்துக்குப் போயிருந்தேன். கொழும்பு அல்பிரட் பிளேசில் இருந்த பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவின் வீட்டைக் கழற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் எண் போட்டுக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பாவா 1960களின் தொடக்கத்தில் கட்டின வீடு. வெளியில் பார்த்தால் வெறும் மதில், உள்ளே போனால் நடுமுற்றம், சுற்றிவர ஓட்டுக்கூரை. மத்தியான வெயிலில் முற்றத்து ஓரமாக உட்கார்ந்தால் வேர்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், ஜன்னல் கண்ணாடியைக் காணவில்லை.

என் கேள்வி இதுதான். அவர் இப்படிக் கட்டினது ரசனையினாலா, இல்லை கண்ணாடியும் இரும்பும் வாங்க அப்போது இலங்கையில் டொலர் இல்லாததாலா? அரசியலும் பொருளாதாரமும் ஒரு நாட்டின் கட்டடங்களை எப்படி மாற்றுகின்றன என்று ஒரு கட்டுரை எழுத வேண்டும். கையில் கிடைத்ததெல்லாம் "மண்வாசனை" என்ற ஒரு சொல்லோடு விஷயத்தை முடித்துவிடுகிறது.

டீ ஸ்கொயர்
தம்பி, நான் எழுபதுகளில் கொழும்பில் ஒரு சின்ன அலுவலகத்தில் பிளான் கீறினவன். மண்வாசனை என்ற பேச்சு எங்களுக்கு அப்போது தெரியாது, தெரிந்தது இறக்குமதிப் பேர்மிட் ஒன்றுதான். தேயிலை, றப்பர், தேங்காய் விற்ற காசில் அரிசியும் மாவும் வாங்கவே திண்டாடின நாடு, ஜன்னல் கண்ணாடிக்கு எங்கே போகும்? 1960களில் இறக்குமதியை இறுக்கத் தொடங்கினார்கள், 1970இல் வந்த சிறிமாவோ ஆட்சியில் கயிறு இன்னும் இறுகியது. வீடு கட்ட ஒருவர் வந்தால் பிளானைத் தொடுவதற்கு முதல் அவரைக் கூட்டிக்கொண்டு, எங்கேயாவது பழைய வீடு உடைக்கிறார்களா என்று பார்க்கப் போவோம். கிடைத்த கதவு, நிலை, தூண் எல்லாவற்றையும் அளந்து வந்த பிறகுதான் கீறல். ஒரு வீட்டுக்கு ஏழு ஜன்னல் கிடைத்தது, ஏழும் ஏழு அளவு. பிறகு அந்த வீட்டைப் பார்த்தவர்கள் "என்ன கலையுணர்வு" என்றார்கள், நாங்களும் ஆமாம் போட்டோம்.

ஓட்டுக்கூரையும் அப்படித்தான். அரைவட்டச் சிங்கள ஓடு பார்க்க அழகு, ஆனால் ஒழுகும். பாவா அலுவலகத்தில் நெளிவுச் சீமெந்துத் தகட்டைக் கீழே போட்டு அதன் மேல் அந்த ஓட்டை அடுக்கினார்கள். தகடு மழைக்கு, ஓடு வெக்கைக்கு. இரண்டையும் இங்கேயே எடுக்கலாம்.

ஆனால் முழுவதையும் டொலர் கணக்கில் எழுதாதே. கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டினது 1949க்கும் 1951க்கும் இடையில். இந்தத் தட்டுப்பாடு வருவதற்கு முன்பே தும்பறை என்ற கண்டிப் பக்கத்துக் கைநெசவும் களிமண் ஓடும் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டன. சுதந்திரம் கிடைத்த கையோடு "நம்முடையது என்ன" என்ற தேடல் இருந்தது, தட்டுப்பாடு அதற்கு ஊன்றுகோல் கொடுத்தது. அப்புறம் அந்த மதில். பழைய பங்களாத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று, பக்கத்து வீட்டுக்காரர் நம் சாப்பாட்டு மேசையை எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கொழும்பில் காணி சுருங்கியது. வெளியே பார்க்க எதுவும் இல்லையென்றால் வீடு உள்ளே பார்க்கும்.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். அதே பாவா 1982இல் கோட்டேயில் நாடாளுமன்றத்தை முடித்துக் கொடுத்தார். ஜப்பான் கம்பனி கட்டியது, கூரைக்குச் செம்பு! சாய்வு மட்டும் பழைய சாய்வு.

பனஞ்சிலாகை
டீ ஸ்கொயர் ஐயா சொன்ன அதே 1970–77 எங்களுக்கு வேறு கதை. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்றதும் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு விலை ஏறியது, மண்வீட்டில் இருந்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். எங்கள் அப்பா 1974இல் கட்டினார். காங்கேசன்துறையில் தொழிற்சாலை இருந்ததால் சீமெந்து கிடைத்தது. கம்பி கிடைக்கவில்லை, அதனால் பிளேட், அதாவது கொங்கிரீட் தட்டு போடவில்லை. ஓடும், அதைத் தாங்கப் பனஞ்சிலாகை என்கிற பனைமரச் சட்டமும்தான். தாத்தா காலத்து நாற்சார் வீட்டைப் போல நடுமுற்றம் வைக்கவும் இல்லை. முன்னுக்கு ஒரு போர்ட்டிக்கோ வைத்தார், வாகனம் ஒன்றும் இல்லை, இரண்டு சைக்கிள் நின்றது. கூட்டுக்குடும்பம் போய்விட்டது, ரோட்டால் போகிறவனுக்கு வீடு தெரிய வேண்டும். கொழும்புப் பெரிய வீடுகள் உள்ளே திரும்பின நேரத்தில் எங்கள் ஆட்கள் வெளியே திரும்பினார்கள்.

1990இல் போரால் தொழிற்சாலை நின்றது, சீமெந்துக்குத் தடையும் வந்தது. அந்தச் சிலாகையில் பாதியைக் கழற்றிப் பதுங்கு குழிக்கு மேலே போட்டு மண் மூட்டை அடுக்கினோம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது மிச்சக் கூரையும் இல்லை. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபா தந்தார்கள், அம்மாவின் சங்கிலியும் அதோடு போனது. ஆனால் எங்கே ஜன்னல் வைப்பது என்று நாங்களே சொன்னோம், அது பெரிய விஷயம். 2016இல் 65,000 இரும்புப் பொருத்து வீடு கொண்டுவரப் பார்த்தபோது இங்கே ஏன் அவ்வளவு எதிர்ப்பு என்று கேட்கிறவர்கள், சித்திரை மாதத்தில் தகரத்துக்குக் கீழே ஒரு மத்தியானம் படுத்துப் பார்க்கட்டும்.

அட்டன் மழை
எல்லாரும் வீடு மாறின கதை சொல்கிறீர்கள், மாறாத கதையும் இதே நாட்டில்தான் இருக்கிறது. லயம், மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), மேலே தகரம். நான் பிறந்த காம்பராவில் என் பாட்டியும் இருந்தார். ஒரு காம்பராவில் அடுப்பு புகைய ஆரம்பித்தால் நாலாவது காம்பராவில் இருப்பவர் இருமுவார், ஏனென்றால் சுவர் கூரை வரைக்கும் போகாது. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவில் மட்டும் புகைக்கூண்டு.

இதற்கு டொலர் காரணமில்லை. டொலர் நிறைய வந்த காலத்திலும் இதே லயம்தான். 1948 குடியுரிமைச் சட்டத்தில் எங்கள் மலையகத் தமிழர் ஏழு லட்சம் பேரை நாடில்லாதவர் ஆக்கினார்கள், அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாதவனுக்கு யார் வீடு கட்டுவான்? 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, பெயர்ப்பலகை மாறியது, லயம் அப்படியே இருந்தது. இப்போதுதான் சொந்தக் காணித் துண்டும் 550 சதுர அடி வீடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கட்டுரையில் பாவாவுக்குப் பத்துப் பக்கம் எழுதினால் இதற்கு இரண்டாவது எழுதுங்கள்.

டீ ஸ்கொயர்
அட்டன் மழை சொல்வது சரி. நான் வாழ்க்கையில் எத்தனையோ பிளான் கீறினேன், லயத்துக்கு ஒரு கோடு கீறச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

முற்றத்துக்காகம்
எல்லாருக்கும் நன்றி. தலைப்பையே மாற்றப் போகிறேன்: 1974, மூன்று வீடுகள். கொழும்பில் ஒன்று, பனஞ்சிலாகை அண்ணாவின் வீடு, ஒரு லயக் காம்பரா. அளவோடு கீறிப் போடுகிறேன், பிழை இருந்தால் டீ ஸ்கொயர் ஐயா திருத்த வேண்டும். அண்ணா, அந்த வீட்டின் படம் ஏதாவது இருக்கிறதா?

பனஞ்சிலாகை
வீட்டைத் தனியாக எடுத்த படம் இல்லை. அக்காவின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் தலைக்குப் பின்னால் போர்ட்டிக்கோ பாதி தெரிகிறது, சைக்கிளும் தெரிகிறது. நாளைக்கு ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன்.